இருக்கேன் பெட்டி

கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

அகத்தா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மூன்றரை ஆக இன்னும் அரை நிமிடம் இருந்தது. மேசை மேல் இருக்கிற பெட்டிக்குள் மணி அடிக்க வேண்டும், அதே மணி இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தள்ளி ஆற்றோரப் பம்பு கொட்டகையிலும் அடிக்க வேண்டும், அங்கே இருக்கிற ஆள் கறுப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இங்கே, இரண்டு நிமிடம் முன்பு அணைந்த பச்சை விளக்கு மறுபடி எரிய வேண்டும். ஆறு வருடமாக, அரைமணிக்கு ஒரு தடவை, அப்படித்தான் நடந்துவந்தது. இன்று விளக்கு முதலில் எரிந்தது. அது எரிந்து, அகத்தா பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிய பிறகுதான் மணி சாவகாசமாக அடித்தது.

எண்பத்தாறாம் வருடம், நவம்பர் மாதம். பாடாங் செராய் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் மூன்று நாளாகப் பால்வெட்டு இல்லை, மழை விட்டால்தானே. ஆபீசின் தகரக் கூரையில் அது விழுகிற இரைச்சலில் டைப்ரைட்டர் சத்தம்கூட அமுங்கிப்போயிருந்தது. ஈரம் ஏறிய பைல்களின் வாடையும், புகைக்கூண்டிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டின் காட்டமும் கலந்து மூக்கில் அப்பியது. பகல் மூன்றரைக்கே மஞ்சள் பல்பைப் போட வேண்டியிருந்தது. மானேஜர் காலையிலேயே சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார். ஆபீசில் இருந்தது அகத்தாவும், அடுத்த அறையில் கணக்கெழுதும் கிராணி மனோகரனும் மட்டும்தான்.

புத்தகத்தில் மூன்றரைக்கு நேராக ஒரு டிக் போட்டாள். போட்ட பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே, பம்பு கொட்டகையில், இன்று அவள் புருஷன் ஆர்தர் இருந்தான். வழக்கமான ஆள் சின்னையாவுக்குக் காய்ச்சல் என்று, ஆலையில் மெக்கானிக்காக இருந்தவனைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஆற்று மட்டத்துக்குக் கீழே நாற்பது வீடுகள் இருந்த கீழ் லயத்துக்கு அந்தப் பம்பும் மதகும்தான் காவல். பம்பு நின்றாலோ கரை உடைந்தாலோ சனம் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடக் கால் மணி நேரம்தான் கிடைக்கும். அதனால்தான் கொட்டகையும் ஆபீசும் எந்நேரமும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம்.

மூன்று மணிக்குத்தான் ஆர்தருடன் போனில் பேசியிருந்தாள்.

“தண்ணி ரெண்டாவது படிக்கு வந்திருச்சு. மதகு மூடியாச்சு. பெல்ட்டுதான் கொஞ்சம் நழுவுது, பாத்துக்கிறேன்” என்றான். பிறகு, “ராத்திரிக்கு என்ன கறி?”

“நெத்திலி சம்பல்.”

“சார்டின் டின் இருந்தா போதும் லா. இந்த மழையில நீ கடைக்குப் போவாத.”

அப்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆர்தர் எதிலும் நிதானம் பார்க்கிறவன். தன் கல்யாணத்துக்கே கோவிலுக்கு அரைமணி தாமதமாக வந்தவன். மணி அடித்தால் முதலில் எண்ணெய்க் கையைத் துணியில் துடைப்பான், பிறகுதான் பொத்தான். இதற்கு முன் மாற்று ஆளாகப் போன நாட்களிலும் இரண்டாவது மணி அடித்து முடியாமல் அவனுடைய பச்சை எரிந்ததே கிடையாது. இன்றைக்கு மட்டும் என்ன அவசரம் வந்தது அவனுக்கு?

நான்கு மணிக்கு அவள் பேனாவைத் தொடவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முள் பன்னிரண்டுக்கு வருவதற்குள் பச்சை எரிந்துவிட்டது. கூரையில் மழை. பெட்டிக்குள் மெல்லிய சூடான பேக்கலைட் வாடை. அதன் பிறகு மணி.

அவள் போனின் கைப்பிடியைச் சுற்றினாள். வெகுநேரம் யாரும் எடுக்கவில்லை. திடீரென்று மறுமுனை எடுக்கப்பட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, டீசல் மோட்டார்ச் சத்தம் கேட்டது, அகலமான தோல் பெல்ட் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டப்’. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி.

“என்னங்க? கேக்குதா?”

டப். டப். போன் வைக்கப்பட்டது.

அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். மனோகரனுக்கு இருபத்து நான்கு வயது. மீசையும், இஸ்திரி குலையாத சட்டையும், சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக, மானேஜர் இல்லாத நாளில் தானே பாதி மானேஜர் என்ற தோரணையோடு இருப்பான். நல்ல பையன்தான்.

“மனோ, பம்பு கொட்டகைக்கு ரெண்டு ஆள அனுப்புப்பா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

“ஏன்க்கா, செவப்பு எரியுதா?”

“இல்ல. பச்சதான். ஆனா ரொம்பச் சீக்கிரமா எரியுது. மணிக்கு முந்தியே.”

மனோகரன் சிரித்தான். “சீக்கிரமா எரிஞ்சா நல்லதுதானேக்கா. இருக்கிற ஆளெல்லாம் கீழ் லயத்துல சாமான் ஏத்திக்கிட்டு இருக்காங்க. பச்ச எரியும்போது ஆள எடுத்தா மானேஜர் என்னைய உரிச்சிடுவாரு. அபாயச் சங்கு ஊதலாம்னா அதுவும் முடியாது. போன வருஷம் சும்மா ஊதிட்டோம்ல, அதுலேர்ந்து பச்ச எரியிற வரைக்கும் சாவியத் திருப்புனாலும் ஊதாது. பெட்டிய மாட்டுன லியோனார்ட் வந்து அப்படித்தானே கட்டிவச்சிட்டுப் போயிருக்காரு.”

அவள் நகராமல் நின்றாள். அவன் அவளைச் சமாதானப்படுத்தத்தான் அடுத்ததைச் சொன்னான். பாவம், வேறு எதற்கும் இல்லை.

“எங்கப்பாவும் அப்படித்தானாமே. மணி அடிச்சு முடியறதுக்குள்ள எடுத்துடுவாராம். நீங்கதானேக்கா சொல்லுவீங்க.”

அகத்தா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

மனோகரனின் அப்பா பக்கிரிசாமி எழுபத்தொன்பதில் அந்தக் கொட்டகையின் பம்புக்காரர். அப்போது பெட்டி கிடையாது. ஒரே ஒரு கம்பி, ஒரு போன். அரைமணிக்கு ஒரு தடவை அகத்தா கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அவர் எடுத்து, “இருக்கேன் தங்கச்சி” என்று சொல்ல வேண்டும், அவள் புத்தகத்தில் டிக் போட வேண்டும். அவர் போன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் மணி முழுசாக அடித்ததில்லை.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் அன்று ஐந்தரைக்கு அவர் எடுக்கவில்லை. மூன்று தடவை சுற்றினாள். எடுக்கவில்லை. திகாம் பத்துவிலிருந்து மச்சான் வந்திருப்பதாகக் காலையில் சொல்லியிருந்தார்; இரண்டு பேரும் கள்ளுக்கடைக்குப் போயிருப்பார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். தூங்கினதற்காக அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பேருக்கு வேலை போயிருந்தது. விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, வராதவனுக்காகப் பக்கத்து வீட்டுக்காரன் இருட்டில் நின்று குரல் கொடுப்பது தோட்டத்தில் எல்லோரும் செய்கிறதுதான். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. அதை யாரும் பாவம் என்று நினைத்ததில்லை. அகத்தாவும் நினைக்கவில்லை. ஐந்தரைக்கு ஒரு டிக் போட்டாள். கல்லறையில் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற நேரமாகிவிட்டது என்று, ஆறு மணிக்கும் சேர்த்து ஒரு டிக் போட்டாள். வாசலில் பெரிய கிராணி, “பம்பு கொட்டகை?” என்று கேட்டார். “இருக்காரு” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

ஏழு மணிக்கு மாற்று ஆள் போய்ப் பார்த்தான். இடுப்பில் கட்டியிருந்த சாரம் பெல்ட்டில் மாட்டி, அவரைச் சக்கரத்தோடு இழுத்துப் பிடித்திருந்தது. மாட்டின பிறகு ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டிரசர். ஆறு மணிக்குப் பதில் சொன்ன மனுசன் ஆயிற்றே, அதற்குப் பிறகுதான் மாட்டியிருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். டிக் போட்டவளுக்கு மட்டும் தெரியும். ஐந்தரைக்கு அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் ஆறுக்குள் ஆட்கள் போயிருப்பார்கள்.

பிணத்தை எடுத்த அன்று அவர் மனைவி பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “கடைசியா ஆறு மணிக்கு என்ன தாயி சொன்னாரு?”

“இருக்கேன் தங்கச்சின்னு சொன்னாருக்கா.”

பிச்சையம்மாள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஏழு வருடம் வாழ்ந்தாள். லயமெல்லாம் சொன்னாள். அடுத்த வருடம் பினாங்கிலிருந்து லியோனார்ட் வந்து இந்த இயந்திரத்தை மாட்டியபோது, தோட்டத்துச் சனம் அதற்கு ‘இருக்கேன் பெட்டி’ என்று பெயர் வைத்ததே அதனால்தான். ஒவ்வொரு தடவை அந்தப் பெயரைக் கேட்கும்போதும் அகத்தா கூனிக் குறுகினாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொன்னதில்லை.

லியோனார்ட் பெருமையாகக் காட்டினான். “ரெண்டு கம்பிக்கா, போனும் இதுலதான். ஒண்ணு பால் வெட்டுற கித்தா மரத்துக்கு மேல தூணுல போவுது. இன்னொண்ணு ஆத்துக்கரை மண்ணுக்குள்ள. நிமிஷத்துக்கு ஒருவாட்டி பெட்டியே கம்பியத் தட்டிப் பாத்துக்கும். ஒண்ணு அறுந்தா கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள மத்ததுக்கு மாறிடும். கரெண்டு போனா மேசைக்கடியில லாரி பேட்டரி. ரெண்டு கம்பியும் செத்தா மூணு தடவ மணி அடிச்சுப் பாத்துட்டு, தானே சங்கு ஊதிடும். விட்டே போவாது.”

“அந்தப் பக்கம் பொத்தான யாரு அமுக்குறாங்கன்னு பெட்டிக்குத் தெரியுமா?”

“அது எதுக்குக்கா? பதில் வந்தா போதாதா?”

நாலே காலுக்கு எங்கோ மரம் முறியும் ஓசை கேட்டது. பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். தூண் கம்பி போய், மண் கம்பிக்கு மாறிக்கொண்டது. கூடவே கரெண்டும் போயிற்று. மஞ்சள் பல்பு அணைந்து, ஆபீஸ் முழுக்க அந்தச் சின்னப் பச்சை விளக்கின் வெளிச்சம் மட்டும் நின்றது. நாலரைக்குப் பச்சை அணைந்து மறுபடி எரிந்தது, மணிக்கு முன்பே. ஐந்துக்கு எரிந்தது, மணிக்கு வெகுமுன்பே. மனோகரன் மெழுகுவத்தி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாத்தீங்களா, கரெண்டு போனாலும் பெட்டி சமத்தா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அங்கே பொத்தானை அமுக்குவது ஆர்தர் இல்லை என்று அவனிடம் சொல்லிவிடலாம். என்ன தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்பான். ஐந்தரையைச் சொல்ல வேண்டும். ஆறைச் சொல்ல வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஏழு வருடம் அவள் கையால் சோறு தின்று, அக்கா அக்கா என்று சுற்றிவந்த பையன். புருஷன் உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் அவள் தன் மானத்தைத்தான் பார்த்தாள்.

பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு கம்பியும் செத்தால் சங்கு தானே ஊதும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஐந்து இருபதுக்குப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். பின்னால் இரண்டு பிளக். தூண் கம்பியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை, அது ஏற்கெனவே செத்த கம்பி. மண் கம்பியின் பிளக் இறுக்கமாக இருந்தது. நகம் பெயர இழுத்தாள். வந்துவிட்டது. பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது. ஆண்டவரே என்று மூச்சு விட்டாள்.

பெட்டி தன் வேலையைத் தொடங்கியது. முதல் மணி. பதில் இல்லை.

இரண்டாவது மணி. பதில் இல்லை.

இன்னும் ஒன்றுதான். சங்கு அலறும். லயத்து ஆண்கள் அத்தனை பேரும் கரைக்கு ஓடுவார்கள். அவள் இரண்டு பிளக்கையும் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

மூன்றாவது மணிக்குமுன் பச்சை எரிந்தது.

மழை கேட்டது. மெழுகுவத்தி ஆடியது. அவள் மடியைப் பார்த்தாள். பிளக்குகள் இருந்தன. இரண்டும். கம்பியின் நுனி குளிர்ந்திருந்தது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

“மனோ!”

அவன் ஓடிவந்தான். அவள் மடியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பெட்டிக்குப் பின்னால் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கிராணித் தோரணை எதுவும் இல்லை.

“அன்னிக்கு அஞ்சரைக்கே உங்கப்பா எடுக்கல, மனோ.”

“எப்ப?”

“அன்னிக்கு. நான்தான் டிக் போட்டேன்.”

“ஆறு மணிக்கு?”

“யாரும் பேசல. அதுவும் நான்தான். தண்ணி போட்டிருப்பாருன்னு நெனச்சேன். பெரட்டுல கொரல் குடுக்கிற மாதிரி… நல்லதுக்குன்னு…”

அவன் திட்டியிருந்தால் தேவலை. சாவியை எடுத்துச் சங்கின் பூட்டில் போட்டுத் திருப்பினான். ஊதவில்லை. மறுபடி திருப்பினான். மறுபடி. விளக்கு பச்சையாக இருந்தது. அவன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். வைத்தபடி நின்றான். அவன் உதடு சின்னப் பிள்ளையினுடையதைப் போலக் கோணியது.

“எங்கப்பா கொரல்க்கா” என்றான்.

ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு மழைக்குள் ஓடினான். ஆட்களைக் கூவி அழைக்கிற அவன் சத்தம் கீழ் லயத்துப் பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று. கரைப்பாதையில் இந்நேரம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். இரண்டு கட்டை தூரம்.

அவள் ரிசீவரைக் காதில் வைத்தாள்.

தண்ணீர். மோட்டார். பெல்ட். டப். டப்.

“தங்கச்சி.”

ஏழு வருடமாகக் கேட்காத குரல். அதே பணிவு. அதே சுறுசுறுப்பு.

“அண்ணே” என்றாள். “அண்ணே, அவரு எங்க? ஆர்தர் எங்கண்ணே?”

டப்.

அந்தக் குரலுக்குப் பின்னால், வெகு தள்ளி, இன்னொரு குரல். நிதானமாக. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி. அகத்தா, என்றது. சற்று நிறுத்தி மறுபடி, அகத்தா. உயிரோடு இருக்கிற குரல்.

“என்னங்க!” என்று கத்தினாள். “என்னங்க, ஆள் வருது! தாங்கிக்கிடுங்க!”

டப். டப்.

“இருக்காரு, தங்கச்சி” என்றது பக்கத்துக் குரல், ஆறுதலாக. “அவருக்குப் பதிலா நான் சொல்லிக்கிறேன். நீ ஆறு மணிக்கும் சேத்து டிக் போட்டுக்க.”

பின்னால் இருந்த குரல் இன்னொரு தடவை கூப்பிட்டது. அவள் மடியில் பிடுங்கிய இரண்டு பிளக்கும் அப்படியே கிடந்தன. பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது.